அடெல்ஃபிக்கு எடுத்துப்போன கேசட்

போன வருஷம் மழைக்காலத்தில் என் பழைய ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே மாதத்தில் போய்விட்டன. கூம்பைச் சுற்றி இருக்கும் நுரை விளிம்பைத் தொட்டதும் விரலோடு பொடியாக வந்தது. சிங்கப்பூர் ஈரப்பதத்தில் நுரை விளிம்பின் கதி அதுதான். ரப்பர் விளிம்பு என்றால் பல வருஷம் தாங்கும். புதிது வாங்கும்போது நான் முதலில் பார்த்தது அதைத்தான். ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருந்தது, 50 வாட். அதனால் கையில் இருந்த 6,000 சிங்கப்பூர் வெள்ளியையும் ஸ்பீக்கருக்கும் அதன் ஸ்டாண்டுக்கும் என்று ஒதுக்கினேன்.

சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டி நடந்தால் கோல்மன் ஸ்ட்ரீட்டில் அடெல்ஃபி. இந்த ஊரில் நல்ல ஒலிக்கருவி தேடுகிறவர்கள் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். வக்கீல் அலுவலகங்கள் இருக்கும் அதே கட்டடத்தில், கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால், சோபா போட்ட சிறிய அறைகள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியுலகச் சத்தம் நின்றுவிடும். ஐந்து சனிக்கிழமைகள் அங்கேயும் வேறு சில கடைகளிலுமாக அலைந்தேன். கூடவே என் மகள். அவளுக்குப் பதினாறு வயது, வயலின் கற்றுக்கொள்கிறாள். எனக்கு 52. இந்த வயதில் 12,000 ஹெர்ட்ஸுக்கு மேலே என் காதில் அநேகமாக எதுவும் விழுவதில்லை, அவளுக்கு விழுகிறது. ட்வீட்டரை, அதாவது உச்ச ஒலிகளைத் தரும் சின்னக் கூம்பை, எடைபோட அவள் காது வேண்டியிருந்தது.

எதைப் போட்டுக் கேட்பது என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை. 1987-இல் ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் மிருதங்கம் கற்றுக்கொண்டிருந்தேன். அப்போது என் வாத்தியார் பாடம் சொன்னதை ஒரு சின்ன டேப்ரெக்கார்டரில் பிடித்து வைத்திருந்தேன். சி-60 கேசட்டின் ஒரு பக்கம், மோனோ, அதாவது இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். முதலில் சொற்கட்டை, அதாவது விரல் அடிகளுக்கான சொற்களை, வாயால் சொல்கிறார், அப்புறம் அதை வாசிக்கிறார், நடுவில் என் விரலைத் திருத்துகிறார். வாசலில் சைக்கிள் மணி கேட்கும். வாத்தியார் 2009-இல் காலமானார். கேசட்டைக் கணினியில் ஏற்றிப் பென்டிரைவில் போட்டுக்கொண்டேன். அதோடு, பக்கவாத்தியக்காரர்கள் தள்ளித்தள்ளி உட்கார்ந்திருப்பது தெரியும்படி நன்றாகப் பதிவான ஒரு சபாக் கச்சேரியும் எடுத்துக்கொண்டேன்.

மோனோ பதிவுக்கு ஸ்பீக்கர் கடையில் என்ன வேலை என்று தோன்றலாம். நிறைய வேலை இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுபோல் இருந்து, நாம் சரியாக நடுவில் உட்கார்ந்திருந்தால், மோனோ குரல் இரண்டுக்கும் நடுவே காலி இடத்தில் ஓர் ஆள் அளவுக்கு நிற்கும். ஸ்பீக்கர்களில் ஏதாவது ஒன்று வித்தியாசமாக ஒலித்தாலோ, அறையின் ஒரு பக்கச் சுவர் மட்டும் கிட்டே இருந்தாலோ அந்தக் குரல் அகலமாகிவிடும், இல்லை ஒரு பக்கமாகச் சாயும். ஸ்டீரியோ பாட்டில் இது தெரியாமல் ஒளிந்துகொள்ளும். அதுவும் போக, மனிதக் குரல் எப்படி இருக்கும் என்பது நம் காதுக்கு மனப்பாடம். அதிலும் எட்டு வருஷம் ஒரு கஜ தூரத்தில் உட்கார்ந்து கேட்ட குரல்.

முதல் கடையில் எனக்குக் கோபம்தான் வந்தது. கடை பெயர் வேண்டாம். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான, தரையில் நிற்கும் ஜோடி ஒன்றையும் சின்னப் பெட்டி ஒன்றையும் மாற்றி மாற்றிப் போட்டார் விற்பனையாளர். ஆம்ப்ளிஃபயரின் குமிழை மட்டும் தொடவே இல்லை. பெரியதன் சென்சிடிவிட்டி, அதாவது ஒரே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்ற அளவு, 89 டெசிபல், சின்னது 83.5. குமிழ் அதே இடத்தில் இருந்தால் பெரியது 5.5 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். சின்னதை அந்த அளவுக்குக் கொண்டுவர மூன்றரை மடங்கு மின்சக்தி வேண்டும். கொஞ்சம் சத்தமாக இருப்பதைக் காது "சத்தம் அதிகம்" என்று சொல்லாது, "இது நன்றாக இருக்கிறது" என்றுதான் சொல்லும். சத்தம் கூடும்போது அடிநாதம் மற்றதைவிட வேகமாக மேலே வருவதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து கேட்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை, காதுக்கே தெரியும்" என்றார். என் பதிவைப் பாதியில் நிறுத்திவிட்டுத் தன் பாட்டைப் போட்டார். கடையில் வைத்திருக்கும் பாட்டு எதில் போட்டாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்காகவே பொறுக்கி எடுத்தது அது. ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுக்க வந்தவருடைய காதை இப்படி ஏமாற்றக் கூடாது.

அதற்கப்புறம் நான் எங்கே போனாலும் பென்டிரைவில் பிங்க் நாய்ஸும் போனில் டெசிபல் காட்டும் செயலியும் இருந்தன. பிங்க் நாய்ஸ் என்பது அருவி கொட்டுவது போன்ற சீரான இரைச்சல். அதை ஓடவிட்டு, போனைக் காது உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் 75 டெசிபல் வரும்படி குமிழை நிறுத்தி, எந்த இடம் என்று தாளில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். போன் காட்டும் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டுக்கும் ஒரே எண் வந்தால் போதும். ஐந்து நிமிஷ வேலை. அடெல்ஃபியில் ஒரு கடை வைத்திருக்கும் வயதான சீனர் இதைப் பார்த்துவிட்டு, தானே நாற்காலியை இழுத்து ஸ்பீக்கர்களுக்கு நேர் நடுவே போட்டுக்கொடுத்தார். மகள் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவாள். அன்றிலிருந்து எனக்கும் அவர் அங்கிள்தான்.

அங்கிளின் கடையில்தான் ஹார்பெத் பி3ஈஎஸ்ஆர் என்ற ஸ்பீக்கரைக் கேட்டேன். ஷூ பெட்டியை நிமிர்த்தி வைத்த மாதிரி இருக்கும், 30 சென்டிமீட்டர் உயரம். அடிநாதத்தைக் கூட்டுவதற்கான ஓட்டை பின்னால் கிடையாது, மூடிய பெட்டி. பிரிட்டிஷ் ஒலிபரப்பு நிறுவனமான பிபிசியில் வேலை பார்த்த டட்லி ஹார்வுட் 1977-இல் ஆரம்பித்த கம்பெனி அது. இந்தச் சின்னப் பெட்டியின் மூதாதை பிபிசி 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. வெளியிடங்களிலிருந்து ஒலிபரப்பும் வேன்களுக்குள் பெரிய ஸ்பீக்கருக்கு இடம் இல்லை. ஆனால் பேசுகிறவரின் குரல் சரியாகப் போகிறதா என்று உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அதற்குச் செய்த பெட்டி அது. பிபிசி பொறியாளர்கள் ஓர் ஆளைப் பேசவிட்டு, அவர் குரலை நேரிலும் ஸ்பீக்கரிலும் மாற்றி மாற்றிக் கேட்டுச் சோதிப்பார்களாம். அதைப் படித்தபோது, நான் கேசட்டோடு அலைவதும் கிட்டத்தட்ட அதே வேலைதான் என்று சந்தோஷமாக இருந்தது.

கேசட்டின் இரைச்சல் முதலில் வந்தது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம். "தத் தி தொம் நம்" என்று வாத்தியார் ஆரம்பித்தார். வெற்றிலை ஒதுக்கிய வாய், அதனால் "தொம்" கொஞ்சம் ஈரமாக விழும். அந்த ஈரம் கேட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மகள்தான் என் பக்கம் குனிந்து, "அப்பா, தாத்தா நடுவுல உட்கார்ந்திருக்காரு" என்றாள். அவரை அவள் பார்த்ததே இல்லை. அங்கிளுக்குத் தமிழ் ஒரு சொல்கூடத் தெரியாது. கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார். இவர் உங்கள் ஆசிரியரா என்று முடிந்ததும் கேட்டார்.

அன்றே வாங்கிவிடவில்லை. தரையில் நிற்கும் ஜோடி ஒன்றும் மனதை விட்டுப் போகாமல் இருந்தது. 35 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், கச்சேரிப் பதிவை அதில் கேட்டபோது மேடை அப்படியே விரிந்தது. எதற்கும் வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் என்று அங்கிள் முன்பணம் வாங்கிக்கொண்டு ஒரு வாரக் கடைசிக்கு அதையும் ஹார்பெத்தையும் கொடுத்தனுப்பினார். இப்படிக் கொடுக்கிற கடை கிடைத்தால் விடாதீர்கள்.

எங்களுடையது வீவக வீடு, அரசாங்கம் கட்டிய அடுக்குமாடி. ஸ்பீக்கர் வைக்கும் சுவருக்கும் சோபா இருக்கும் சுவருக்கும் நடுவே 3.6 மீட்டர். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை. ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 48 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்தச் சுரத்தில் ஏதாவது ஒலித்தால் கூடவே அறையும் சேர்ந்து பாடும். சுவரை ஒட்டிய சோபாவில் அது இன்னும் அதிகம். பெரிய ஜோடியில் அது முழுசாக விழித்துக்கொண்டது. மிருதங்கத்தின் இடது பக்கத் தோலைத் தொப்பி என்போம்; இடது கையால் அதை அழுத்தி நகர்த்தினால் நாதம் வழுக்கிக்கொண்டு மேலே போகும், கும்கி என்போம். இடது கை பழகியவன் எவனும் அந்த வழுக்கலுக்காக ஏங்குவான். கடையில் அது அழகாகக் கேட்டது. வீட்டிலோ ஒவ்வொரு கும்கியும் ஒரே "பூம்" ஆகிவிட்டது, எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது என்றே தெரியவில்லை. கடை அறையின் சுவரெல்லாம் திரையும் பஞ்சுப் பலகையுமாக இருந்தது நினைவுக்கு வந்தது. ஸ்பீக்கரைச் சுவரை விட்டு முன்னே இழுத்தேன், பின் ஓட்டையில் துணியை அடைத்தேன். குறைந்தது, ஆனால் போகவில்லை.

ஹார்பெத் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்ல மெல்ல அடங்கிவிடும். காகிதத்தில் அது குறை. எங்கள் ஹாலில் அதுவே வரமாக இருந்தது, அறையை எழுப்புவதற்கு அது கீழே இறங்குவதே இல்லை. கும்கி வழுக்கிக்கொண்டு போனது. வலது பக்கமான வலந்தலையில் மீட்டு, சாப்பு என்ற அடிகள் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, தனித்தனியாக விழுந்தன. கச்சேரிப் பதிவில் மேடையின் பிரம்மாண்டம் கொஞ்சம் குறைந்தது உண்மை. அது எனக்கு இழப்புதான், இப்போதும் சில பதிவுகளில் அதைத் தேடுகிறேன். ஆனால் நான் தினமும் கேட்கப்போவது என்ன என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அங்கிளுக்குச் செய்தி அனுப்பினேன். ஸ்டாண்ட் 60 சென்டிமீட்டர் உயரத்தில் வாங்குங்கள், சோபாவில் உட்கார்ந்தால் ட்வீட்டர் காதுக்கு நேராக வரும் என்று பதில் வந்தது. கூடவே, டைல்ஸ் தரைக்கு ஒரு கனமான விரிப்பு. விரிப்பைப் போட்டதும் மகளை உறுத்திக்கொண்டிருந்த "ச்" சத்தத்தின் கூர்மையும் குறைந்துவிட்டது.

இப்போது ஸ்டாண்டின் கால் நிற்கும் இடங்களில் தரையில் வெள்ளை டேப் ஒட்டியிருக்கிறேன். வீடு கூட்டும்போது நகர்த்தினாலும் அதே இடத்துக்குத் திரும்ப வந்துவிடும். போன வாரம் மகள் சாதகம் முடித்துவிட்டு வந்து, "அப்பா, தாத்தா பாடத்தைப் போடுங்க, அந்த மூணாவது கோர்வையில ஒரு கணக்கு புரியல" என்றாள். போட்டேன். என் விரலைத் திருத்தும் இடம் வந்தது. வாத்தியார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.