படுத்துக்கொண்டு வரும் படங்கள்

பயனர்கள் படம் ஏற்றும் தளம் ஒன்றைக் கட்டுகிறோம். ஒருவர் ஏற்றியது போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படம். ஒரிஜினல் ஃபைலை பிரவுசரில் திறந்தால் ஒழுங்காக நிற்கிறது. சர்வர் உருவாக்கிய தம்ப்நெயில் (சிறு முன்னோட்டப் படம்) மட்டும் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கிறது. போனின் சென்சார் பெரும்பாலும் அகலவாக்கில்தான் பதிகிறது. காட்டும்போது எப்படித் திருப்புவது என்பதை படத்தோடு ஒட்டிவரும் எக்சிஃப் என்ற தகவல் பகுதியில் ஓர் எண்ணாகக் குறித்துவைக்கிறது. 1 என்றால் அப்படியே விடலாம். 6 என்றால் வலப்பக்கமாக 90 டிகிரி, 8 என்றால் இடப்பக்கமாக 90, 3 என்றால் தலைகீழ். பிரவுசர் அதைப் படித்துத் திருப்பிக் காட்டுகிறது. நாம் அளவைக் குறைத்துச் சேமிக்கும்போது அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடுகிறது. பிக்சல்கள் பழைய வாக்கிலேயே இருக்கின்றன.

எனவே படத்தை மெமரியில் பிக்சல்களாக விரித்ததும் முதல் வேலை பிக்சல்களையே திருப்புவது. பைத்தான் மொழியில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தில் இதற்கு 'எக்சிஃப் டிரான்ஸ்போஸ்' இருக்கிறது. நோட் ஜேஎஸ்ஸில் அதே வேலை செய்யும் ஷார்ப் நூலகத்தில் 'ரொட்டேட்'டைக் கோணம் எதுவும் தராமல் அழைத்தால் போதும். வெட்டுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள். திருப்பினால் அகலமும் உயரமும் இடம் மாறும்.

திருப்பியாயிற்றா, எக்சிஃபைத் தூக்கி எறியலாம். எறியத்தான் வேண்டும். படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் புள்ளிகள் அதில் இருக்கலாம். பழைய சைக்கிளை விற்பனைக்குப் போட்டவர் வீட்டு வாசலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். ஆனால் எல்லா மெட்டாடேட்டாவையும் (படத்தோடு வரும் கூடுதல் தகவல்கள்) கண்ணை மூடிக்கொண்டு அழித்தால் வண்ண விவரமும் போய்விடும். ஐபோன்கள் டிஸ்ப்ளே பி3 வண்ணவெளியில் படம் எடுக்கின்றன. அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் பிரவுசர் அதை வலையின் வழக்கமான எஸ்ஆர்ஜிபி வண்ணவெளி என்று எண்ணிக்கொள்ளும், சிவப்பெல்லாம் வெளிறிவிடும். முதலில் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள், பிறகு அழியுங்கள்.

அடுத்தது அளவு. என்ஜினெக்ஸ் வெப் சர்வர் இயல்பாக 1 எம்பிக்கு மேல் வாங்காது, 413 (மிகப் பெரியது) என்ற பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். சர்வரில் பிஎச்பி மொழி ஓடினால் அதன் இயல்பு வரம்பு ஒரு ஃபைலுக்கு 2 எம்பி. இரண்டையும் 15 எம்பி வரை உயர்த்தலாம். பிஎச்பியில் ஒரே முறையில் அனுப்பும் மொத்தத் தரவுக்கான போஸ்ட் வரம்பு 8 எம்பி, அதையும் சேர்த்து உயர்த்த மறக்கக் கூடாது. இதோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பதுதான் தவறு. ஃபைலின் எடை வேறு, படத்தின் எடை வேறு. 4000×3000 படம் டிஸ்கில் 3 எம்பி இருக்கலாம்; மெமரியில் ஒரு பிக்சலுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி பிடிக்கும். 20000×20000 அளவில் முழுக்க வெள்ளையாக, பிக்சலுக்கு ஒரு பிட் மட்டும் உள்ள பிஎன்ஜியாகச் செய்தால் ஃபைல் 100 கேபிக்குள் அடங்கிவிடும். நான்கு பைட் பிக்சல்களாக விரித்தால் 1.6 ஜிபி. இப்படி இரண்டு வந்தாலே சின்ன சர்வர் படுத்துவிடும்.

தடுப்பது சுலபம், விரிக்காமலே பார்க்கலாம். பிஎன்ஜியில் அகலமும் உயரமும் முதல் 24 பைட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். பில்லோவும் 'ஓப்பன்' செய்யும்போது தலைப்பை மட்டும்தான் படிக்கிறது. அங்கேயே பெருக்கிப் பார்த்து, 6 கோடி பிக்சலுக்கு மேல் போனால் மறுத்துவிடுங்கள். பில்லோ தானாக வைத்திருக்கும் எல்லை சுமார் 8.9 கோடி, அதைத் தாண்டினால் எச்சரிக்கை மட்டுமே, அதன் இரு மடங்கைத் தாண்டினால்தான் பிழை. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்?

எழுத்துக் கட்டளைகளாலேயே படம் வரையும் எஸ்விஜி ஃபைலை வாங்கவே வாங்காதீர்கள், அதற்குள் ஸ்கிரிப்ட் ஒளிந்திருக்கலாம். ஐபோனின் எச்இஐசி பட வடிவத்தைப் பல பிரவுசர்கள் காட்டாது, மாற்றித்தான் ஆக வேண்டும். ஒளிபுகும் பிஎன்ஜியை ஜேபெக்காக்கும் முன் வெள்ளைப் பின்னணியில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் லோகோவுக்குப் பின்னால் கறுப்பு வந்து நிற்கும்.

பெயர் விஷயத்தில் தமிழுக்கென்றே இரண்டு தலைவலிகள். எழுத்துகளை பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் ஒரு பெயருக்கு 255 பைட்தான் தரும். உயிர்மெய்க் குறிகளும் புள்ளிகளும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், 'குலதெய்வம் கோயில் திருவிழா' பாணியில் நீட்டிப் பெயர் வைத்தால் 85 குறியீட்டில் முட்டிக்கொள்ளும். இன்னொன்று, 'கொடி'யில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் சேர்த்து இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஒரு விதமாக எழுதிச் சேமித்த படத்தை மற்ற விதமாக எழுதித் தேடினால் கிடைக்காது. பயனர் வைத்த பெயரை டேட்டாபேஸில் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஸ்டோரேஜில் யுயுஐடி போன்ற தற்செயல் பெயர் கொடுப்பதே மேல். உள்ளடக்கத்தின் ஹாஷை, அதாவது அதன் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணைப் பெயராக வைத்தால் இடம் மிச்சமாகும் என்பார்கள். ஒரே படத்தை இருவர் ஏற்றி ஒருவர் நீக்கினால் மற்றவருக்கும் காணாமல் போகும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒரிஜினலை அமேசானின் எஸ்3 போன்ற கிளவுட் ஸ்டோரேஜில் பொதுப் பார்வைக்கு மூடி வையுங்கள். நாளை புது அளவு கேட்டால் அதிலிருந்துதான் எடுக்க முடியும். ஆப் ஓடும் கன்டெய்னரின் (தனிப் பெட்டி போன்ற சூழல்) சொந்த டிஸ்கில் வைத்தால், அடுத்த டிப்ளாயில், அதாவது புதுப் பதிப்பை ஏற்றும்போது, துடைத்துப் போய்விடும். டேட்டாபேஸில் பெயர், அகலம், உயரம் போதும். சேர்க்கும்போது முதலில் ஃபைல், பிறகு டேட்டாபேஸில் அதற்கான வரிசை (ரோ). நீக்கும்போது முதலில் வரிசை, பிறகு ஃபைல். இடையில் எது அறுந்தாலும் டேட்டாபேஸில் வரிசை இல்லாத அநாதை ஃபைல்தான் மிஞ்சும், உடைந்த படம் அல்ல. அந்த அநாதைகளை இரவில் ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் புரோகிராம்) கூட்டிப் பெருக்கட்டும். 24 மணி நேரத்துக்கு மேல் பழையதை மட்டும். இல்லாவிட்டால் ஏறிக்கொண்டிருக்கும் படத்தையும் சேர்த்துப் பெருக்கிவிடும்.