‘ஷோஷாங்க் ரிடெம்ப்ஷன்’: எதை வெட்டினால் எது விழும்?

கல்லூரித் திரைப்பட வட்டத்தில் படம் முடிந்து மண்டபத்து லைற் போட்டதும் எப்போதும் ஒரே கேள்விதான் வரும்: “எந்தக் காட்சியை வெட்டினால் பின்னால் எது நிற்காது?” அந்தக் கேள்விக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும் படம் என்று நான் துணிந்து சொல்வது, 1994இல் ஃபிராங்க் டாரபொண்ட் இயக்கிய ‘த ஷோஷாங்க் ரிடெம்ப்ஷன்’. ஷோஷாங்க் சிறையில் ஒரு கைதி சுவரைத் துளைத்துத் தப்பும் கதை அது. நம் வட்டத்து ஆட்கள் பலர் இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து படம் பார்க்கிறவர்கள். அவர்களை நினைத்தே இதை மலருக்கு எழுதுகிறேன்.

1949இல் கூரைக்குத் தார் பூசும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன அண்ணன் விட்டுச் சென்ற 35,000 டொலரில் பெரும்பகுதி வரிக்குப் போய்விடும் என்று காவலர் தலைவன் ஹட்லி புலம்புகிறான். வங்கியாளனாக இருந்த கைதி அன்டி (டிம் ரொபின்ஸ்) தார்த் துடைப்பத்தை வைத்துவிட்டு நேரே அவனிடம் போய், “உங்கள் மனைவியை நம்புகிறீர்களா?” என்று கேட்கிறான். கூரை விளிம்பில் தொங்கவிடப்பட்ட நிலையில் விளக்கம் சொல்கிறான்: மனைவிக்கு ஒரே ஒரு முறை 60,000 டொலர்வரை வரியில்லாமல் அன்பளிப்புக் கொடுக்கலாம். பத்திரங்களை எழுதித்தரக் கூலி, உடன் வேலை செய்பவர்களுக்கு ஆளுக்கு மூன்று போத்தல் பியர்.

பார்ப்பவர் மனதில் நிற்பது வெயிலில் உட்கார்ந்து பியர் குடிக்கும் அழகு. கதையைத் தாங்குவது அந்த வரிக் கணக்கு. அதனால்தான் அன்டியைத் துன்புறுத்தும் கைதி பொக்ஸை ஹட்லி அடித்து முடமாக்குகிறான், அன்டி சலவைக் கூடத்திலிருந்து நூலகத்துக்கு மாற்றப்படுகிறான், காவலர்களெல்லாம் வரிப் படிவங்களோடு வந்து வரிசையில் நிற்கிறார்கள். அங்கிருந்து சிறை அதிகாரி நோர்ட்டனின் கள்ளப்பணக் கணக்கும், அந்தப் பணத்தை மறைக்க அன்டி காகிதத்திலேயே பெற்றெடுத்த ‘ரான்டல் ஸ்டீபன்ஸ்’ என்ற ஆளும். கடைசியில் வங்கிகளுக்குப் போய் 370,000 டொலருக்கு மேல் எடுப்பது அந்த இல்லாத ஆள்தான். கூரையை வெட்டினால் சுவரில் ஓட்டை மட்டும் மிஞ்சும். வெளியே வந்தவனிடம் ஒரு சதமும் இருக்காது.

அந்த ஓட்டையையும் படம் கண் முன்னாலேயே வைத்திருக்கிறது. அன்டியின் சிறிய கற்சுத்தியலைப் பார்த்த அவனுடைய சிறை நண்பர் றெட் (மோர்கன் ஃப்ரீமன்), இதனால் சுவரைத் துளைக்க 600 வருடம் பிடிக்கும் என்று சிரிக்கிறார். அறைச் சோதனையில் நோர்ட்டன் அன்டியின் பைபிளைக் கையில் எடுத்து, திறக்காமலே, “மீட்சி இதற்குள் இருக்கிறது” என்று திருப்பிக் கொடுக்கிறான். யாத்திராகமம் தொடங்கும் பக்கத்திலிருந்து சுத்தியலின் அளவுக்குக் குழி வெட்டியிருப்பது பிறகுதான் தெரியும். சுவரில் ரீட்டா ஹேவொர்த், மர்லின் மன்றோ, ரகேல் வெல்ச் என்று நடிகைகளின் படங்கள் மாறுவதைக் காலம் காட்டும் கலண்டர் என்றே நாம் எடுத்துக்கொள்கிறோம். காற்சட்டைக் குழாய் வழியே முற்றத்தில் மண் உதிர்வதும் வெட்ட வெளிச்சத்தில் நடப்பதுதான்.

பொருந்தாத இடமும் உண்டு. துளைக்குள் போனபின், அதை மறைத்த சுவர்ப் படத்தின் அடிப்பக்கத்தை உள்ளிருந்து அவ்வளவு விறைப்பாக ஒட்டியிருக்க முடியாது. நோர்ட்டன் எறிந்த கல் அதைக் கிழித்துக்கொண்டு போகும் சத்தத்துக்காக அதை மன்னித்துவிடலாம்.

இசைத்தட்டுக் காட்சி இன்னும் நுட்பமானது. ஒலிபெருக்கியில் அன்டி போடுவது மொசார்ட்டின் ‘ஃபிகாரோவின் திருமணம்’ ஒபெராவில் இரண்டு பெண்கள் பாடும் பகுதி. அந்த இத்தாலியப் பெண்கள் எதைப் பாடினார்கள் என்று தனக்கு இன்றுவரை தெரியாது, தெரியவும் வேண்டாம் என்கிறார் றெட். ஒபெராவில் அவர்கள் செய்வது கடிதம் எழுதுவது. சீமாட்டி சொல்லச் சொல்லப் பணிப்பெண் எழுதுகிறாள், எசமானை ஏமாற்றிப் பைன் மரங்களுக்கடியில் வரவழைக்க. வாரம் ஒரு கடிதமாக ஆறு வருடம் எழுதி நூலகத்துக்கு 200 டொலர் வாங்கியவன் போடும் பாட்டு இது. பின்னால் ஓக் மரத்தடியில் றெட்டுக்காகக் கடிதம் புதைத்து வைப்பவனும் அவன்தான். இந்தப் படத்துக்கு மூலமான, ஸ்டீபன் கிங் 1982இல் வெளியிட்ட குறுநாவலில் இந்தக் காட்சி கிடையாது. டாரபொண்ட் சேர்த்தது.

இதன் தொடர்ச்சியாக அன்டி கொடுத்த மவுத் ஓகனை றெட் இரவில் உதட்டில் வைத்து ஒரே ஒரு ஊது ஊதிவிட்டு நிறுத்துவதைக் கவனியுங்கள். நம்பிக்கை ஆபத்தானது என்று வாதாடிய மனிதர் அன்று அவ்வளவுதான் விட்டுக்கொடுக்கிறார். அவருடைய முன்விடுதலை (பரோல்) விசாரணைகள் 1947, 1957, 1967 என மூன்று. முதல் இரண்டிலும் திருந்திவிட்டேன் என்று பவ்வியமாகச் சொல்லி நிராகரிக்கப்படுகிறார். மூன்றாவதில் அந்தச் சொல்லே வெற்றுச் சொல் என்கிறார், விடுதலை கிடைக்கிறது. விசாரணைப் பத்திரத்தில் ஒட்டியிருக்கும் இளவயதுப் படம் ஃப்ரீமனின் மகன் அல்ஃபொன்சோவுடையது.

சிறை நூலகத்தைப் பார்த்துக்கொண்ட கைதி புறூக்ஸ் குறுநாவலில் மிகச் சிறிய பாத்திரம். படத்தில் அவருக்கு ஒரு முழு மரணம் உண்டு: விடுதலையானபின் விடுதி அறை உத்திரத்தில் தூக்கிட்டுக்கொள்கிறார். அதை எடுத்தால், அதே விடுதி அறையில், அதே உத்திரத்தின் கீழ் றெட் நிற்கும்போது நமக்குப் பயமே வராது. அடகுக்கடைக் கண்ணாடிக்குள் கைத்துப்பாக்கிகளும் திசைகாட்டியும் ஒன்றாக இருக்க, அவர் திசைகாட்டியை வாங்குவதற்கும் பொருள் இராது.

படமாக்கியது 1993 கோடையில், ஒஹாயோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டில், 1990இல் மூடப்பட்ட சிறையில். அங்குள்ள அறைகள் ஒன்றையொன்று பார்த்திருக்கவில்லை என்பதால் அறை வரிசைகளைப் பக்கத்துக் களஞ்சியமொன்றில் தனியாகக் கட்டினார்கள். அன்டி தவழ்ந்து தப்பும் கழிவுநீர்க் குழாய்க்குள் இருந்தது சொக்கலேற் பாகும் மரத்தூளும் தண்ணீரும்.

25 மில்லியன் டொலர் செலவான படம் முதல் ஓட்டத்தில் வசூலித்தது சுமார் 16 மில்லியன். ஏழு ஒஸ்கார் பரிந்துரைகள், ஒரு விருதும் இல்லை. வீடியோவும் தொலைக்காட்சியும்தான் அதைக் காப்பாற்றின.

திரைக்கதை முதலில் றெட் பேருந்தில் போவதோடு முடிந்தது. கடற்கரைச் சந்திப்பு தயாரிப்பாளர்கள் கேட்டுச் சேர்த்தது. அதை வெட்டினாலும் எதுவும் விழாது. ஆனாலும் நான் வெட்டமாட்டேன். படம் முழுக்க இந்த இருவரும் பேசியது காவலர் பார்த்திருந்த சிறைக்குள்ளேதான். காவல் இல்லாத ஓரிடத்தில் அவர்களை ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்ட நினைப்பவர்கள் 142 நிமிடத்தையும் ஒரே இருப்பில் ஓடவிடுங்கள். முதல் பாதியில் அடியும் பாலியல் வன்முறையும் கடுமை. பிரித்தானியாவில் கொடுத்த 15 வயது வரம்பு சரியானது. முதல் முறை பார்ப்பவரிடம் சுவரில் ஒட்டிய படங்களைப் பற்றித் தயவுசெய்து வாயே திறக்காதீர்கள்.