தடிமன் இல்லை, குரலே இதுதான்

போனை எடுத்தால் முதல் கேள்வி, "என்ன அக்கா, தடிமனா?" சளி பிடித்துக் குரல் அடைத்ததா என்று மூன்று வருடமாக இதே கேள்வி. ஓட்டோக்காரத் தம்பி, காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர், வங்கியில் இருக்கிற பிள்ளை, ஒருவரும் விட்டுவைப்பதில்லை. முதலில் விளக்கம் சொன்னேன், அப்புறம் அழுதேன், இப்போது "ஓம், தடிமன்தான்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். அப்படிச் சொன்னாலும் வைத்தியம் வரும். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் போட்டு அவித்துக் குடியுங்கோ, கற்பூரவள்ளியை வாட்டிச் சாறு எடுங்கோ. நான் குடித்து முடித்த கொத்தமல்லிக்கு ஒரு வயலே வேண்டும்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் பாட்டுக்காரி. இருபது வருடத்துக்கு மேலாக, மட்டக்களப்புக் கல்லடியிலிருந்து பொத்துவில் வரைக்கும் கோயில் திருவிழா, கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று நான் ஏறாத மேடை குறைவு. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகளை முடித்து, வானொலியிலும் பாடினேன். அறிவிப்பாளர்கள் எல்லோரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல "மீன்பாடும் தேனாட்டின் குயில்" என்றுதான் கூப்பிடுவார்கள். மீன்பாடும் தேனாடு என்றால் எங்கள் மட்டக்களப்புத்தான், ஆனால் மீனையும் குயிலையும் ஒரே வசனத்தில் போட்டால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனாலும் உள்ளுக்குள் பிடிக்கும், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

பிறகு கழுத்தில் தைராய்டுக் கட்டி, சத்திரசிகிச்சை. யாரையும் குறை சொல்ல வரவில்லை. கண் விழித்துத் தண்ணீர் கேட்டேன், காற்றுத்தான் வந்தது. வைத்தியர் பிறகு ஒரு துண்டுப் பேப்பரில் படம் கீறி விளங்கப்படுத்தினார்: குரல்வளைக்குப் போகிற நரம்பு தைராய்டுக்குப் பின்பக்கமாக ஒட்டிக்கொண்டு ஓடுகிறது, அதிலும் இடது பக்கத்து நரம்பு நேரே தொண்டைக்கு வராமல் நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியைச் சுற்றி, திரும்ப மேலே ஏறுகிறதாம். இவ்வளவு சுற்று வழி எதற்கு என்று அந்த நிலையிலும் யோசித்தேன். குரல்நாண் இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்தால்தான் சத்தம். எனக்கு ஒன்று அசையாது, மற்றது தனியாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், நடுவில் விட்ட இடைவெளியால் காற்றுப் போய்விடும். சிலருக்கு நரம்பு தானாகவே தேறிவிடும், ஒரு வருடம் பார்ப்போம் என்றார். பார்த்தோம்.

அந்த வருடத்தில் வீட்டில் வானொலி போடவே இல்லை. வைகாசியில் மட்டும், அம்மா வற்புறுத்தியதால், கண்ணகி அம்மன் கோயிலுக்குக் குளிர்த்திக்கு, அம்மனைக் குளிர வைக்கிற சடங்குக்கு, போனேன். குளிர்த்தி பாடும்போது பெண்கள் குரவை போடுவார்கள் இல்லையா? குரவைக்குச் சுருதி வேண்டாம், சங்கீத சபைச் சான்றிதழ் வேண்டாம், பாடவே வராதவளும் போடுவாள். நானும் வாயைத் திறந்தேன். நாக்கு ஆடியது, சத்தம் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெத்தா, வயதான பாட்டி, என் வாயையே பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை போட்டார், முன்னையதைவிடப் பலமாக. மேடை போனதற்குக்கூட நான் அவ்வளவு அழவில்லை, அந்தக் குரவைக்கு வீடு வரும்வரை அழுதேன்.

வகுப்பு இனி இல்லை என்று சொல்லி அனுப்பியும் ஐந்து பிள்ளைகள் சைக்கிளில் வந்து வாசலில் நின்றதுகள். ஆறுதலுக்கு எல்லோரும் முசிறி சுப்பிரமணிய ஐயர் கதையைச் சொல்வார்கள், குரல் ஒத்துழைக்காமல் 1940களில் கச்சேரியை விட்டவர், பிறகு பெரிய பெரிய ஆட்களை உருவாக்கினார் என்று. சரி, ஆனால் மேடைக்குப் போதாவிட்டாலும் சொல்லிக்கொடுக்க அவருக்குக் குரல் இருந்தது. எனக்கு இருந்தது ஒரு ஆர்மோனியமும் பத்து விரலும். தோடி ராகத்தின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் காட்டவே முடியாது, அது இரண்டு கட்டைக்கு நடுவில் ஊஞ்சலாடுகிற சுரம். ஆகவே கையால் காற்றில் கீறிக் காட்டினேன். பிள்ளைகள் முழித்ததுகள். ஒருத்தி மட்டும் மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு காந்தாரத்தோடு வந்தாள். அது என்னுடையது இல்லை.

முன்பு என் மாணவிகள் நான் மூச்சு எடுக்கிற இடத்தில்தான் மூச்சு எடுப்பார்கள், தேவையே இல்லாவிட்டாலும். அதை நான் பெருமை என்று நினைத்திருந்தேன்! அத்தனை பேரையும் என் பிரதிகளாக்கி அனுப்பியிருக்கிறேன் என்பது, அவர்கள் பார்த்துப் பாட என் குரல் இல்லாமல் போனபிறகுதான் காதில் விழுந்தது. இவளுடைய காந்தாரம் என்னுடையதைவிட நல்லதா என்று கேட்டால், பொறாமையோடு சொல்கிறேன், ஓம்.

இதற்கிடையில் ஒரு விழா நோட்டீசில் என் பெயருக்கு முன்னால் "முன்னாள் பாடகி" என்று போட்டிருந்தார்கள். அச்சகத்துக்கு நேரே போய் அதை எடுக்கச் சொன்னேன். "மறுகா என்னத்தப் போட அக்கா?" என்று கேட்டார் தம்பி. எனக்கும் தெரியவில்லை. வெறும் பெயரைப் போடச் சொல்லிவிட்டு வந்தேன்.

போன ஆவணியில் குருமண்வெளித் துறையில் பாதை ஏறி, வாவியைக் கடக்கிற மிதவையை நாங்கள் பாதை என்போம், மண்டூர்த் திருவிழாவுக்குப் போனேன். மண்டூர் முருகனுக்குக் கப்புகனார், அங்கே பூசகருக்கு அதுதான் பெயர், வாயைத் துணியால் கட்டிக்கொண்டுதான் பூசை செய்வார், மந்திரச் சத்தம் கிடையாது. சின்ன வயதில் எனக்கு அது சலிப்பாக இருக்கும், பாட்டு இல்லாமல் என்ன கோயில் என்று அம்மாவை நச்சரிப்பேன். இந்தமுறை கடைசிவரை நின்று பார்த்தேன். அங்கே என்னை யாரும் தடிமனா என்று கேட்கவில்லை.

திரும்பும்போது பாதையில் ஒரு கிழவர் அடையாளம் கண்டுவிட்டார். "அந்தப் பாட்டுக்காரப் புள்ளதானே நீ? ஒரு பாட்டுப் படி மனே." தொண்டையைக் காட்டிக் கையை விரித்தேன். அவருக்கு விளங்கவில்லை, வெட்கப்படுகிறேன் என்று நினைத்து, எனக்கு எடுத்துக்கொடுப்பதற்காகத் தானே ஒரு காவடிச் சிந்தைத் தொடங்கினார். மூன்றாவது வரியிலேயே தாளம் அவரை விட்டுவிட்டு ஓடியது. நான் பாதையின் இரும்புக் கம்பியில் தட்டி நிறுத்தி, விரலால் எண்ணிக் காட்டினேன். திரும்பத் தொடங்கினார், திரும்ப ஓடியது. கரை சேர்வதற்குள் நான்கு தடவை நிறுத்திவிட்டேன். மனுசனுக்குக் கோபம், ஆனாலும் ஐந்தாவது தடவை சரியாக வந்து நின்றார்.

"பொல்லாத வாத்திச்சி" என்று முணுமுணுத்தபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்.