சிலிண்டரில் மிதந்த கசடு

எங்கள் ஊர் நகராட்சியின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் ஆபரேட்டர். ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்துவிட்டு பம்ப் ஓட்டத்தான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருமுறை இரண்டு நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள், திரையில் படம் ஓடியது, மதியம் பிரியாணி, சாயங்காலம் சான்றிதழ். திரும்பி வந்து, கழிவுநீருக்குள் காற்றை ஊதும் ஏரேஷன் தொட்டியை எட்டிப் பார்த்தால், அங்கே சொன்ன எதையும் இங்கே அடையாளம் தெரியவில்லை.

எங்கள் தலைவலி கிளாரிஃபையர், ஏரேஷன் தொட்டியிலிருந்து வரும் கசடு அடியில் படிய வேண்டிய தொட்டி. வெயில் ஏறினால் போதும், அடியிலிருந்து சாணி உருண்டை மாதிரி கசடு குமிழியோடு கிளம்பி மேலே மிதக்கும், அப்படியே வெளியேறும் தண்ணீரோடு போய்விடும். காற்று போதவில்லை என்று நாங்களே முடிவு கட்டி காற்று ஊதும் இரண்டு புளோயரையும் சேர்த்து ஓட்டினோம். கரண்ட் பில் ஏறியதுதான் மிச்சம்.

பிளான்ட்டுக்கே வந்து சொல்லித் தருகிற குழு ஒன்று இருப்பதை பக்கத்து ஊர் ஆபரேட்டர் சொன்னார். ஏ.இ. (உதவிப் பொறியாளர்) சாரிடம் சொல்லி, ஆணையர் கையெழுத்தோடு கடிதம் போய், பதிலுக்கு ஒரு படிவம் வந்தது. ஆறு மாத ஆய்வக முடிவு, மின்கட்டண ரசீது, தினசரி வரத்து, அதாவது உள்ளே வரும் கழிவுநீரின் அளவு, எல்லாம் கேட்டிருந்தார்கள். அங்கேதான் மாட்டினேன். வரத்து மீட்டர் செத்து ஒரு வருடம் ஆகிறது, லாக் புக்கில் தினமும் ஒரே எண்! வேறு வழியில்லாமல் 'மீட்டர் பழுது' என்று உள்ளதை எழுதி அனுப்பினேன். நீங்கள் விண்ணப்பித்தாலும் அப்படியே எழுதுங்கள், அவர்கள் அதைக் குற்றமாக எடுக்கவில்லை. கழிவுநீரை மேலேற்றும் லிஃப்டிங் பம்ப் ஓடிய மணிநேரத்தை அதன் திறனால் பெருக்கினாலே வரத்து ஓரளவுக்குத் தெரிந்துவிடும் என்று முதல் நாளே சொல்லித் தந்தார்கள். பெருக்கிப் பார்த்தால் தினம் 50 லட்சம் லிட்டருக்குக் கட்டிய பிளான்ட்டுக்கு 20 லட்சம்கூட வரவில்லை. வீட்டு இணைப்புகள் பாதிதான் முடிந்திருக்கிறது, அது வேறு கதை.

வந்தவர் இந்த வேலையிலேயே தலை நரைத்தவர். பேனல் ரூமுக்குள் போகாமல் நேராகத் தொட்டி ஓரம் நின்று மோந்து பார்த்தார், நுரையின் நிறத்தைப் பார்த்தார். அப்புறம் ஒரு லிட்டர் கண்ணாடி சிலிண்டரில் ஏரேஷன் தண்ணீரை மொண்டு வைத்தார். அரை மணி நேரத்தில் கசடு 400 மில்லி கோட்டுக்கு இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. "நல்லாத்தான் படியுது தம்பி, இதைக் கொட்டிடாதீங்க, டீ குடிச்சிட்டு வந்து பார்ப்போம்" என்றார். இரண்டு மணி நேரம் ஆவதற்குள் அந்தக் கசடு மொத்தமும் எண்ணெயில் போட்ட வடை மாதிரி எழும்பி மேலே மிதந்தது. நான் வாயடைத்துப் போனேன், தினமும் கிளாரிஃபையரில் பார்ப்பது அதேதானே.

படியாத கசடு வேறு நோய், படிந்துவிட்டு எழும்புவது வேறு நோய் என்றார். கசடு அடியில் ரொம்ப நேரம் கிடந்தால் ஆக்சிஜன் தீர்ந்துபோய், பாக்டீரியா நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை உருவிக்கொள்ளும், மிஞ்சுகிற நைட்ரஜன் வாயு குமிழியாகிக் கசடைத் தூக்கிவிடும். வரத்து குறைவு, போதாததற்கு கரண்ட் மிச்சம் என்று, படிந்த கசடை ஏரேஷன் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பை மணிக்குக் கால் மணி நேரம்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம். கழிவைத் தின்னும் நல்ல பாக்டீரியா கசடோடு போய்விடுமே என்று பயந்து மாதக்கணக்கில் கசடை வெளியே எடுக்கவும் இல்லை. இரண்டு புளோயர் ஓட்டி நைட்ரேட்டை இன்னும் கூட்டியதும் நாங்கள்தான். ஏரேஷன் தொட்டியில் ஆக்சிஜன் மீட்டரை விட்டுப் பார்த்தால் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் காட்டியது, 2 இருந்தாலே போதுமாம்.

ஒரு புளோயரை நிறுத்தினோம். ரிட்டர்ன் பம்பை விடாமல் ஓட்டினோம், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசடை உலர்த்தும் மணல் படுகைக்கு எடுத்தோம். ஒரேயடியாக எடுத்தால் பிளான்ட் படுத்துவிடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். பத்து நாள் வரை ஒரு மாற்றமும் இல்லை, ஏ.இ. சார் என்னை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார். தினமும் சிலிண்டர் போட்டோவை பயிற்சி தந்தவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன், "பொறுங்க" என்று மட்டும் பதில் வரும். மூன்றாவது வாரம் உருண்டைகள் குறைந்தன.

தண்ணீரில் மிஞ்சிய கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று அளக்கும் பி.ஓ.டி. பரிசோதனை 27 டிகிரியில் மூன்று நாள் நடக்கும். பெருநகரம் அல்லாத எங்களுக்கு 2017 விதிப்படி வரம்பு லிட்டருக்கு 30 மில்லிகிராம், அதைத் தாண்டியது தெரிவதற்குள் அந்தத் தண்ணீர் ஆற்றில் எங்கேயோ போயிருக்கும். சிலிண்டரில் கசடு எழும்புவது இரண்டு மணி நேரத்திலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்று. அடைப்பெடுக்க எங்கள் ஆள் ஒருவர் கழிவுநீர் சேரும் சம்ப் குழியில் இறங்கப் போனதைப் பார்த்து, பயிற்சி தந்தவர் அன்று பாதி நாள் பயிற்சியையே நிறுத்திவிட்டார். ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது, நாற்றம் இல்லை என்று நம்பி இறங்கியவர்கள்தான் செத்திருக்கிறார்கள் என்றார். எல்லாரையும் நிற்கவைத்து பாதுகாப்பு உபகரணம் இல்லாமல் ஆளைச் சாக்கடையில் இறக்குவதைத் தடை செய்யும் 2013 சட்டத்தையும் சொன்னார்.

மழைக்காலத்தில் மணல் படுகை காயாது, கசடை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கு மட்டும் இன்னும் வழி கிடைக்கவில்லை. அடுத்த வருகைக்கு அனுப்பும் படிவத்தில் அதைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.