மூன்று வசந்தம், ஒரு டேண்டெலியன்

டேண்டெலியனைப் பார்க்காதவர்கள் குறைவு. மஞ்சள் பூ, பத்து நாள் கழித்து ஊதினால் பறக்கிற வெள்ளைப் பஞ்சு உருண்டை. புல்தரையில் களை என்று பிடுங்கி எறிவதுதான் வழக்கம். அந்தக் களையில் ஒரு வகை, நாட்டின் தாவரப் பட்டியலில் இதுவரை ஏறாத ஒன்று, என் கண்ணில் பட்டு, அது ஒழுங்கான பதிவாக மாற மூன்று வசந்தம் ஆகிவிட்டது. அதன் பெயரை இங்கே எழுதவில்லை, அச்சில் வரட்டும். ஆனால் இவ்வளவு நாள் ஏன் ஆனது என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு முறையும் பாதிதான் சொல்ல முடிகிறது, அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன்.

முதலில், "டேண்டெலியன் என்றால் ஒரே செடிதானே, அதில் என்ன புது சிற்றினம்?" என்ற கேள்வி. நியாயமான கேள்விதான். டாராக்ஸகம் என்கிற இந்தப் பேரினத்தில் பெரும்பாலான செடிகள் மகரந்தச் சேர்க்கையே இல்லாமல் விதை வைக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த தாவரவியலாளர் ரவுன்கியர் 1903-இல் இதைக் காட்டினார்: மொட்டாக இருக்கும்போதே பூந்தலையின் மேல்பகுதியை, மகரந்தப்பையும் சூல்முடியும் சேர்த்து, சீவி எடுத்துவிட்டார். அப்படியும் விதை முற்றியது, முளைத்தது. இந்தச் செடிகள் பெரும்பாலும் மும்மடியம், அதாவது 8, 8, 8 என்று 24 குரோமோசோம்கள். மூன்று தொகுதியை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது, அதனால் வழக்கமான முறையில் முட்டை உருவாவது சிக்கல். செடி அந்தப் படியையே தாண்டிப் போய், குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகக் குறையாத முட்டையிலிருந்து நேராகக் கருவை வளர்த்துவிடுகிறது. மகள் தாயின் நகல். பேத்தியும் அப்படியே.

இதனால்தான் ஒரு செடியின் சிறு தனித்தன்மை, உதாரணமாக இலைமடல் கொக்கி மாதிரி வளைந்திருப்பது, தலைமுறை தலைமுறையாக மாறாமல் வருகிறது. வடக்கு ஐரோப்பாவில் நூறு வருடத்துக்கும் மேலாக இப்படிப்பட்ட ஒவ்வொரு வம்சத்தையும் பிரித்துப் பெயர் கொடுத்து வந்திருக்கிறார்கள். சுவீடனின் தாவரவியலாளர் டால்ஸ்டெட் ஒருவரே ஏராளமாகப் பெயரிட்டார். உலகம் முழுக்க இன்று 2000-க்கும் மேற்பட்ட பெயர்கள், பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து மட்டும் 200-க்கும் மேல். இவற்றை நுண்சிற்றினம் என்று சொல்வது சரியாக இருக்கும், ஏனென்றால் புலி ஒரு சிற்றினம் என்கிற அர்த்தத்தில் இவை சிற்றினம் அல்ல. நடு ஐரோப்பாவிலும் தெற்கிலும் 16 குரோமோசோம் கொண்ட, மகரந்தச் சேர்க்கை தேவைப்படுகிற டேண்டெலியன்களும் உண்டு. மும்மடியச் செடியின் மகரந்தம் அவற்றில் போய் விழுந்தால் புதிய புதிய வம்சங்கள் கிளம்பும், அங்கே இந்தப் பெயர் வைக்கும் முறையே தடுமாறிவிடும். ஆகவே எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று நான் வாதாட மாட்டேன். பொருந்துகிற இடத்தில் அழகாகப் பொருந்துகிறது, அவ்வளவுதான்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

முதல் வசந்தம், மே தொடக்கம். பழைய கல்சுவர் ஒன்றின் அடியில், பாதி நிழலில், வரிசையாக ஏழெட்டுச் செடிகள். மற்ற டேண்டெலியன்களுக்கு நடுவில் அவை தனியாகத் தெரிந்தன. இலைக்காம்பு அடர் ஊதாச் சிவப்பு, நடுநரம்பில் பச்சையும் சிவப்பும் கலந்த மெல்லிய கோடுகள், பூந்தலைக்கு வெளியே இருக்கும் பூவடிச் செதில்கள் பின்பக்கமாக மடங்கித் தொங்காமல் கிடையாக விரிந்து நின்றன. நாற்பது படம் எடுத்தேன். அன்று இரவே இந்தப் பேரினத்தைப் பல வருடமாகப் படித்து வரும் ஒரு நிபுணருக்கு அனுப்பினேன். பதில் இரண்டு வரி: எந்தப் பிரிவு என்று மட்டும் சொல்லலாம், அதற்கு மேல் படத்தை வைத்துச் சொல்ல முடியாது, செடி வேண்டும். நான் திரும்பிப் போனபோது பூக்காலம் முடிந்திருந்தது. கோடையில் வருகிற இலைகள் வேறு மாதிரி, வசந்தத்தின் முதல் இலைகளில் இருக்கிற வடிவம் அவற்றில் கிடையாது. ஒரு வருடம் போயிற்று.

இதைப் படிக்கிற யாராவது இந்த வேலையில் இறங்கப் போகிறீர்கள் என்றால், இங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். எங்கே பறிக்கிறோம் என்பது பாதி வேலை. புல் வெட்டும் இயந்திரம் ஓடுகிற இடம், மக்கள் மிதிக்கிற இடம், கொளுத்தும் வெயிலில் காய்கிற இடம், இங்கெல்லாம் செடி தன் வடிவத்தைக் காட்டாது. லேசான நிழலில், உயரமான புல்லுக்கு நடுவில் தடையில்லாமல் வளர்ந்த செடிதான் பேசும். ஒன்று போதாது, ஒரே கூட்டத்தில் மூன்று நான்காவது வேண்டும். பறித்த உடனேயே குறிப்பு எழுதிவிட வேண்டும், ஏனென்றால் இலைக்காம்பின் நிறம் காய்ந்தால் மங்கும், சூல்முடி மஞ்சளா கருஞ்சாம்பலா என்பது பிறகு தெரியாமல் போகலாம், செதில்கள் உயிரோடு இருக்கும்போது எந்தக் கோணத்தில் நின்றன என்பது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாளில் இருக்கவே இருக்காது. அப்புறம், மகரந்தம். சில நுண்சிற்றினங்களில் மகரந்தமே கிடையாது. விரலால் பூவைத் தொட்டு, மஞ்சள் பொடி ஒட்டுகிறதா என்று பார்த்து, கைலென்ஸில் இன்னொரு தடவை உறுதி செய்துகொள்ள வேண்டும். இவ்வளவு எளிமையான ஒரு சோதனை அடையாளத்தை இத்தனை தூரம் குறுக்கித் தருவது எனக்கு இன்னும் வியப்பு. பிறகு ஈரப்பைக்குள் போட்டு எடுத்துவந்து அன்றே அழுத்திவிட வேண்டும், மறுநாளைக்கு என்று வைத்தால் இலை சுருண்டுவிடும்.

இரண்டாவது வசந்தம் இதையெல்லாம் செய்தேன். ஏப்ரல் கடைசி வாரம், மூன்று செடி, ஒரு பக்கம் முழுக்கக் குறிப்பு. தாள்கள் நிபுணரிடம் போயின. ஐந்து வாரம் கழித்து வந்த கடிதத்தில், இது ஸ்காண்டிநேவியாவில் விவரிக்கப்பட்ட ஒரு வகையுடன் மிக நெருக்கமாக ஒத்துப்போகிறது, நம் நாட்டுப் பட்டியலில் அது இல்லை, ஆனால் கனி இல்லாமல் உறுதி சொல்ல மாட்டேன் என்று எழுதியிருந்தார். விதை என்று நாம் ஊதி விடுவது உண்மையில் ஒற்றை விதை கொண்ட குட்டிக் கனி. அதன் நிறம் வைக்கோலா பழுப்பா செங்கல்லா, மேல்பக்கத்து முட்கள் எவ்வளவு தூரம் இறங்குகின்றன, நுனியில் இருக்கும் சின்னக் கூம்பின் நீளம் எத்தனை, இதெல்லாம் தேவை. பூவைப் பறித்த நான் கனிக்குத் திரும்பிப் போயிருக்கவில்லை. கடிதம் கையில் வந்த அன்றே ஓடினேன். சுவரடி முழுக்க வெட்டியிருந்தார்கள். சுவரின் ஒரு மூலையில், இயந்திரம் எட்டாத கல்லிடுக்கில், தாமதமாகப் பூத்த ஒரு செடியில் ஒரே ஒரு வெள்ளை உருண்டை, அதிலும் பாதி பறந்துவிட்டிருந்தது. மீதியில் பாதியை எடுத்துக் காகித உறையில் போட்டுக்கொண்டேன். மற்றதைத் தொடவில்லை.

பத்துக் கனி நிபுணருக்கு, பன்னிரண்டு தொட்டியில் விதைக்க. விதைத்தது வெறும் ஆசைக்கு இல்லை. மகள் தாயின் நகல் என்றால், வேறு மண்ணில் வேறு வெளிச்சத்தில் வளர்த்துப் பார்த்தால், எது சுவரடி நிழல் கொடுத்த அடையாளம், எது செடியின் சொந்த அடையாளம் என்று பிரிந்துவிடும். ஒன்பது முளைத்தன. மூன்றாவது வசந்தத்தில் அவை பூத்தபோது அதே ஊதாக் காம்பு, அதே கோடுகள், கிடையாக நின்ற அதே செதில்கள். ஒன்று மட்டும் மாறியது. இலையின் நுனிமடல் முன்பு பெரிதாக இருந்தது, தொட்டியில் சிறுத்துவிட்டது. அது நிழலின் வேலை. குறிப்பில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

பெயர் உறுதியானது. எப்படி வந்தது என்ற கேள்விதான் மிச்சம். "நாட்டுக்குப் புதியது" என்று எழுதும்போது இந்த இடத்தில்தான் அவசரம் காட்டக்கூடாது என்று நினைக்கிறேன். புதியது என்றால் புதிதாக வந்து சேர்ந்ததாகவும் இருக்கலாம், எப்போதும் இருந்து யாரும் பார்க்காததாகவும் இருக்கலாம். டேண்டெலியன்கள் புல்விதைக் கலவையோடும் நாற்றுத்தொட்டி மண்ணோடும் நாடு விட்டு நாடு போகக்கூடியவை. பக்கத்தில் சில வருடங்களுக்கு முன் புதிதாகப் புல் விதைத்த சரிவு இருந்ததால், அங்கிருந்துதான் வந்திருக்கும் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வரைவிலும் அப்படித்தான் எழுதினேன்.

வரைவை அனுப்புவதற்கு முன் ஹெர்பேரியத்தில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமித்து வைக்கும் இடத்தில், பழைய தாள்களைப் பார்த்துவிடு என்றார் நிபுணர். டேண்டெலியன் அலமாரிகளில் பெரும்பாலான தாள்களில் டேண்டெலியனின் பொதுவான அறிவியல் பெயரான டாராக்ஸகம் அஃபிசினாலே என்று மட்டும் இருக்கும், அதற்கு மேல் பிரிக்க அந்தக் காலத்தில் எல்லோருக்கும் வழி இருந்ததில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். இரண்டாம் நாள் பிற்பகல், நான் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பு ஒட்டப்பட்ட ஒரு தாள். அதே இலை. காம்பின் நிறம் போய்விட்டிருந்தது, ஆனால் ஓரத்தில் பென்சிலில், காம்பு ஊதா, மகரந்தம் உண்டு, செதில் கிடை என்று மூன்று குறிப்பு. கீழே மடித்து ஒட்டிய சின்ன உறைக்குள் முற்றிய கனிகள். அந்தச் சரிவில் புல் விதைப்பதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய செடி அது.

என் ஊகம் அங்கேயே விழுந்தது. மனசு நிறைந்திருந்தது என்பதைத்தான் எழுதத் தோன்றுகிறது. யாரென்று தெரியாத ஒருவர், பெயர் தெரியாமலே, கனியும் சேர்த்து எடுத்து வைத்ததால்தான் நான் தப்பாக எழுதப் போனது திருந்தியது. முதல் பதிவு இப்போது அவருடைய தாள், என்னுடையது இரண்டாவது. புல்விதை பற்றிய பத்தியை எடுத்துவிட்டு வரைவைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். தொட்டிச் செடிகளில் நான்கில் இந்த வாரம் உருண்டை விரிந்திருக்கிறது, பறப்பதற்குள் உறையில் போட வேண்டும்.