ஊருக்கு டிக்கெட் போடும் முன்: கட்டாயக் கலியாணத்தை இங்கிலாந்தில் தடுக்கும் வழிகள்

ஜூலைக் கடைசியில் தொடங்கும் ஆறு கிழமைப் பாடசாலை விடுமுறை, இங்கே வளரும் ஒரு ஈழத்தமிழ்ப் பிள்ளையை இலங்கையில் உள்ள ஊருக்குக் கூட்டிப்போய்க் கட்டாயக் கலியாணம் செய்துவைக்கத் தாராளமாகப் போதும். செப்டெம்பரில் வகுப்பில் அந்த இருக்கை காலியாகக் கிடந்தால்தான் வெளியில் தெரியவரும். விமானம் ஏறுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்போடு தடுக்கக்கூடியது, ஏறிய பிறகு தூதரகம், வேறு நாட்டுப் பொலிஸ், நீதிமன்றம் என்று இழுபடும். ஆகவே கவனம் முழுக்க டிக்கெட் போடும் நாளுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

பெற்றோர் பார்த்துச் செய்யும் கலியாணத்தைச் சட்டம் தடுக்கவில்லை. பேச்சுக்கால் நடக்கலாம், சாதகம் பார்க்கலாம், ஆனால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை கடைசி நிமிடம் வரை பிள்ளையிடம் இருக்க வேண்டும். அதைப் பறிப்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஜூன் 16 முதல் குற்றம், 7 வருடம் வரை சிறை. அடித்தால்தான் கட்டாயம் என்றில்லை. "நீ மாட்டன் எண்டால் நான் மருந்தைக் குடிச்சிடுவன்" என்று தாய் மிரட்டுவதும் அதில் அடங்கும். 2023 பெப்ரவரி 27 முதல் 18 வயதுக்குக் குறைந்தவருக்குக் கலியாணம் செய்துவைப்பதே குற்றம். பிள்ளை சம்மதித்தாலும், பதிவில்லாமல் கோயிலில் தாலி மட்டும் கட்டினாலும் அப்படித்தான். புரிந்து சம்மதிக்கும் ஆற்றல் இல்லாத ஒருவருக்கு, "எங்களுக்குப் பிறகு பாத்துக்கொள்ள ஒரு ஆள் வேணும்" என்ற நல்லெண்ணத்தில் செய்துவைத்தாலும் குற்றமே.

2023இல் பிரிட்டிஷ் அரசின் கட்டாயத் திருமணத் தடுப்புப் பிரிவு 283 பேருடைய விடயத்தில் ஆலோசனையோ உதவியோ கொடுத்தது. பாகிஸ்தானோடு தொடர்புடையவையே அதிகம். பத்தில் ஏறத்தாழ மூன்று பேர் ஆண்கள். இதைப் பார்த்து "அது அவையின்ர பிரச்சினை" என்று நாங்கள் ஒதுங்க முடியாது. எங்கள் குடும்பங்களில் கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் எழுத்து, அதாவது சடங்குக்கு முன் நடக்கும் கலியாணப் பதிவு. "சும்மா எழுத்துத்தானே, விசா அலுவலுக்கு. கலியாணம் அடுத்த வருஷம்" என்று விடுமுறையில் போன பிள்ளையைப் பதிவாளர் முன் இருத்துவார்கள். இலங்கைப் பொதுச் சட்டப்படி அந்தக் கையெழுத்தே கலியாணம். தாலி பிறகு ஏறினாலும் ஏறாவிட்டாலும் அவள் மனைவிதான்.

அதன் அடுத்த கட்டம் இங்கே நடக்கும். துணையை இங்கு கூப்பிட, 2024 ஏப்ரலிலிருந்து வருட வருமானம் 29,000 பவுண்ட் காட்ட வேண்டும். வழக்கமாக ஒரே வேலையிடத்தின் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள் கேட்பார்கள். பல்கலைக்கழகத்தில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று படிப்பை நிறுத்தி முழுநேர வேலைக்குப் போனால், ஏன் என்று தனியாகக் கேளுங்கள். வேறு அறிகுறிகளும் உண்டு. காதல் வீட்டுக்குத் தெரியவந்த கையோடு தொலைபேசி பறிபோவது, "அம்மம்மாவுக்கு ஏலாமல் கிடக்கு" என்று அவசரப் பயணம், திரும்பும் டிக்கெட் இல்லாதது, காரணம் சொல்லாமல் பிளவுஸுக்கு அளவெடுப்பது. இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் தாமதிக்கக் கூடாது.

ஒரு பிள்ளை உங்களிடம் வாய் திறந்தால், தாய் தகப்பனோடு பேசித் தீர்க்கப் போகாதீர்கள். எங்கள் சமூகத்தின் முதல் உந்துதலே பெரியவர்களைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசுவதுதான், இந்த விடயத்தில் அதைவிட ஆபத்து வேறில்லை. வீட்டுக்குத் தெரிந்த அன்றே பயணத் தேதி முன்னுக்கு வரும், பிள்ளை இரண்டாம் முறை வாய் திறக்காது. இங்கிலாந்தின் வாரிங்டன் நகரில் ஷஃபீலியா அகமது என்ற பிள்ளை, தன் வீட்டில் நடந்த கொடுமையைப் பாடசாலைக்கும் சமூக சேவையினருக்கும் சொல்லியிருந்தாள். 2003இல் 17 வயதில் பெற்றோராலேயே கொல்லப்பட்டாள். 2012இல் பெற்றோர் இருவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது. இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் உதவ ஒரே ஒரு சந்தர்ப்பம்தான் கிடைக்கும் என்ற எண்ணத்தோடு நடக்கப் பழக்கப்படுகிறார்கள். பாதுகாப்பான தொலைபேசி இலக்கம் எது, எந்த நேரத்தில் கூப்பிடலாம் என்று முதல் சந்திப்பிலேயே கேட்டு வைத்துவிட வேண்டும். வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போடக் கூடாது. மொழிபெயர்ப்பாளரைப் பற்றி இன்னும் கவனம் தேவை: தமிழ் ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்த சிறிய வட்டம் இது. உள்ளூரில் இருப்பவர் வேண்டாம், தொலைபேசி வழியாக வேறு ஊரிலிருந்து ஒருவர் போதும், பிள்ளையின் பெயரும் அவருக்குத் தேவையில்லை.

பிள்ளைகள் பின்வாங்குவதற்குப் பெரிய காரணம், அம்மா அப்பா சிறைக்குப் போய்விடுவார்களே என்ற பயம். அவர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது, கலியாணத்தையும் அதற்கான பயணத்தையும் தடுக்கக் கேட்கும் கட்டாயத் திருமணப் பாதுகாப்பு உத்தரவு குடும்ப நீதிமன்றத்தின் சிவில் உத்தரவு. அது வந்ததும் யாருக்கும் தண்டனை இல்லை. மீறினால்தான் குற்றம், 5 வருடம் வரை. விண்ணப்பப் படிவம் எஃப்எல்401ஏ, கட்டணம் கிடையாது. பிள்ளையே கேட்கலாம், உள்ளூராட்சி சபை கேட்கலாம், நீதிமன்ற அனுமதியோடு நண்பரோ ஆசிரியரோ கேட்கலாம். அவசரமென்றால் பெற்றோருக்கு அறிவிக்காமலே நீதிபதி உத்தரவு கொடுப்பார். சறுக்குவது உத்தரவின் வாசகத்தில்தான். பிரிட்டிஷ் கடவுச்சீட்டை ஒப்படைக்கச் சொல்லிவிட்டு இலங்கைக் கடவுச்சீட்டை மறந்தால் அதிலேயே கூட்டிப்போகலாம். இரண்டையும், புதிதாக விண்ணப்பிப்பதையும் சேர்த்துத் தடுக்கச் சொல்லுங்கள். தாய் தகப்பனோடு மாமா, சித்தப்பா, ஊரில் ஏற்பாடு செய்பவர் பெயர்களும் வேண்டும். கடவுச்சீட்டைக் காலவரையின்றிப் பிடித்துவைப்பது மிக அரிது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் சொல்லியிருப்பதால், முடியும் தேதியைக் குறித்து வைத்து அதற்கு முன்பே நீடிப்புக் கேளுங்கள்.

போகாமல் தவிர்க்க முடியாத பிள்ளை, நம்பிக்கையான ஒருவரிடம் விட்டுப்போக வேண்டியவை: அண்மைப் படம், கடவுச்சீட்டின் பிரதி, விமான விவரம், ஊரில் தங்கும் விலாசம், கூடப் போகிறவர்களின் பெயர்கள், திரும்பும் தேதி. இவற்றோடு "இந்தத் தேதிக்குள் நான் வராவிட்டால் பொலிஸ் உதவி வேண்டும்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட ஒரு தாளும் இருக்கட்டும். தனியாக ஒரு சிம், மறைத்து வைக்கக் கொஞ்சக் காசு. விமான நிலையம் வரை வந்துவிட்டால், பாதுகாப்புச் சோதனையிலோ கடவுச்சீட்டு மேசையிலோ சொல்லலாம். கூடவே ஆள் நிற்பதால் வாய் திறக்க முடியாதவர்களுக்கு, கட்டாயக் கலியாணத்தில் சிக்கியவர்களுக்கு உதவும் பிரிட்டிஷ் தொண்டு அமைப்பான கர்ம நிர்வாணா சொல்லிக்கொடுத்த உபாயம், உள்ளாடைக்குள் ஒரு கரண்டியைச் செருகிக்கொள்வது. உலோகச் சோதனையில் மணி அடித்தால் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சோதிப்பார்கள், அங்கே சொல்லிவிடலாம்.

தடுப்புப் பிரிவின் இலக்கம் 020 7008 0151. வெளிநாட்டிலிருந்து என்றால் முன்னால் +44 போட்டு முதல் பூச்சியத்தை விடுங்கள். கர்ம நிர்வாணா 0800 5999 247. உடனடி ஆபத்தென்றால் 999. ஊரில் மாட்டிக்கொண்ட பிரிட்டிஷ் பிரசைகளைத் தூதரகம் திருப்பிக் கொண்டுவரும். 2019 முதல் அந்தச் செலவைப் பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதில்லை. ஆனால் இலங்கைப் பிரசாவுரிமையும் இருந்து, அந்தக் கடவுச்சீட்டில் போயிருந்தால் தூதரகத்தின் கை கட்டுப்படும். ஆசிரியர்களுக்கு ஒன்று: செப்டெம்பரில் வராத பிள்ளையின் பெயரை விசாரிக்காமல் பதிவிலிருந்து எடுக்காதீர்கள். அந்தப் பெயர் இருந்தால்தான் தேட ஒரு ஆள் இருப்பார்.

இங்கே சொன்ன சட்டங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் உரியவை, ஸ்கொட்லாந்துக்குத் தனிச் சட்டம்.

கலியாணம் நடந்தேவிட்டதென்றாலும் வழி அடைபடாது. சம்மதமின்றி நடந்ததென்று இங்கிலாந்து நீதிமன்றத்தில் அதைச் செல்லாததாக்கக் கேட்கலாம், பொதுவாக 3 வருடத்துக்குள். விவாகரத்துக்கு முதல் ஒரு வருடம் பொறுக்க வேண்டும்; செல்லாததாக்க அந்தக் காத்திருப்பு இல்லை. எழுத்து முதலில் நடந்திருந்தால், வருடக் கணக்கு அந்தத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கியிருக்கும்.