பிங் போகிறது, பிராட்காஸ்ட் போகவில்லை

லினக்ஸில் ‘ஐபி’ கட்டளையால் ஒரு முகவரியைக் கையால் கொடுத்தால், பிராட்காஸ்ட் முகவரி (அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதற்கான முகவரி) தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. இது தெரியாமல் எத்தனை லேப்களில் எத்தனை பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களோ! அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

நான் ஒரு பயிற்சி மையத்தின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் வருமுன் மெஷின்களை எழுப்பிவிடுவதற்கென்றே அங்கே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதன் ஈத்0 (கேபிள் இணைப்பு) லேப் சுவிட்சில், வைஃபை அலுவலக ரவுட்டரில். புது சுவிட்ச் மாட்ட வந்தவர்கள் பையின் முகவரியையும் மாற்றி, பூட் ஸ்கிரிப்டில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்கள்: ஈத்0-க்கு 192.168.10.2/26. அடுத்த நாள் காலை ஒரு மெஷின்கூட எழவில்லை. போன் போட்டுக் கேட்டால், “பிங் போகுதே மேடம், எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு” என்றார்கள்.

பிங் (‘இருக்கிறாயா?’ என்று கேட்டுப் பதில் பெறும் சோதனை) போனது உண்மைதான். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் மெஷினுக்குப் போகிற பிங். அணைந்து கிடக்கும் மெஷினுக்கு ஐபி முகவரியே கிடையாது. ‘இந்த ஐபி யாருடையது?’ என்று ஏஆர்பி மூலம் கேட்டால் பதில் சொல்லவும் ஆள் இல்லை. அதன் நெட்வொர்க் கார்டு மட்டும் அரைத் தூக்கத்தில் காத்திருக்கும். ஆறு பைட் எஃப்எஃப், அதன்பின் தன்னுடைய மேக் முகவரி (கார்டின் வன்பொருள் எண்) பதினாறு முறை, ஆக மொத்தம் 102 பைட் வந்தால்தான் அது மெஷினை எழுப்பும். அதை எல்லாருக்கும் பொதுவாக, பிராட்காஸ்டாக அனுப்புவதுதான் வழக்கம்.

எங்கள் பையில் ஓடுவது ஒரு சின்ன சி நிரல். ஈத்0-இன் பிராட்காஸ்ட் முகவரி என்ன என்று லினக்ஸின் மையமான கெர்னலிடம் கேட்டு, அந்த முகவரிக்கு அனுப்பும். ‘ஐபி அட்ரஸ் ஷோ’ போட்டுப் பார்த்தேன். முகவரி இருக்கும் வரியில் பிராட்காஸ்டைக் காட்டும் ‘பிஆர்டி’ (brd) என்ற பகுதியே இல்லை. அப்படியென்றால் கெர்னல் தரும் பதில் 0.0.0.0. லினக்ஸில் அந்த முகவரிக்கு அனுப்பினால் பாக்கெட் வெளியே போகாது, அனுப்பிய மெஷினுக்கே திரும்பிவிடும். போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஈத்0-இல் வைத்தால் ஒன்றுமே இல்லை. மெஷின் தனக்குத்தானே பேசிக்கொள்ளும் லூப்பேக்கில் வைத்தேன், மொத்தப் பாக்கெட்டும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது.

பழைய ‘இஃப்கான்ஃபிக்’ காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. முகவரியும் மாஸ்க்கும் (நெட்வொர்க்கின் அளவு) கொடுத்தால் போதும், பிராட்காஸ்ட் தானே அமைந்துவிடும். 2017-இல் வந்த டெபியன் 9 முதல் அந்தக் கட்டளை இயல்பாக நிறுவப்படுவதில்லை. கட்டளை மாறிவிட்டது, கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை.

திருத்துவது எளிது. பழைய முகவரியை நீக்கிவிட்டு மறுபடி சேர்க்கும்போது, முகவரிக்குப் பின்னால் ‘பிஆர்டி’ என்றும் ஒரு கூட்டல் குறியும் சேர்த்தால் போதும். கணக்கைக் கட்டளையே போட்டுக்கொள்ளும். நீக்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள்: எந்த இன்டர்ஃபேஸ் வழியாக உள்ளே வந்திருக்கிறீர்களோ அதன் முகவரியையே நீக்கினால் இணைப்பு அறுந்துவிடும். நான் வைஃபை வழியாக வந்திருந்ததால் பயமில்லாமல் செய்தேன்.

கூட்டல் குறி எதற்கு, 255 என்று நானே எழுதிவிடுகிறேன் என்பார்கள் சிலர். /26 என்றால் முகவரியின் 32 பிட்டில் 26 நெட்வொர்க்குக்கு, மீதி ஆறு பிட் ஹோஸ்டுக்கு, அதாவது தனி மெஷினுக்கு. ஆறும் ஒன்றானால் 63. ஆக எங்கள் லேபின் பிராட்காஸ்ட் 192.168.10.63. அங்கே 192.168.10.255-க்கு அனுப்பினால், பை அதை வேறொரு நெட்வொர்க்கின் முகவரி என்று நினைத்து ரவுட்டரிடம் தள்ளிவிடும். கடைசி எண் எப்போதும் 255 என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பது /24-க்கும் அதைவிடப் பெரிய நெட்வொர்க்குகளுக்கும் மட்டுமே சரி.

அப்படியானால் 255.255.255.255-க்கே அனுப்பிவிடலாமே? ஒரே ஒரு இன்டர்ஃபேஸ் இருக்கும் இடத்தில் அது வேலை செய்யும். எங்கள் பையில் டீஃபால்ட் ரூட் (வேறு வழி சொல்லப்படாத பாக்கெட்டுகள் போகும் பாதை) வைஃபை பக்கம். இன்டர்ஃபேஸைக் குறிப்பிட்டுச் சொல்லாமல் அனுப்பினால் பாக்கெட் அலுவலகப் பக்கம் போய்விடும், லேப் தூங்கிக்கொண்டே இருக்கும். இரண்டு கால் உள்ள சாதனத்தில் சப்நெட்டின் (அந்தப் பக்கத்து நெட்வொர்க்கின்) பிராட்காஸ்ட் முகவரியே நம்பகமானது என்பது என் கருத்து.

கையால் கொடுத்தது ரீபூட் வரைக்கும்தான் நிற்கும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் புக்வார்ம் பதிப்பிலிருந்து நெட்வொர்க்மேனேஜர்தான் இயல்பு. பூட் ஸ்கிரிப்டை எடுத்துவிட்டு முகவரியை அதிலேயே எழுதினேன். பிராட்காஸ்டை அது தானே கணக்கிட்டு வைக்கிறது. ஈத்0 ஒருபோதும் டீஃபால்ட் ரூட் ஆகக்கூடாது என்றும் சேர்த்துச் சொல்லி வைத்தேன்.

அப்புறம், 63-க்குப் பிங் அடித்துப் பார்த்துவிட்டு யாரும் பதில் சொல்லவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிராட்காஸ்ட் பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பதுதான் லினக்ஸின் இயல்பான அமைப்பு. ‘ஸ்மர்ஃப்’ தாக்குதலில் இத்தகைய பதில்களையே ஆயுதமாக்கினார்கள். 1999-இல் ரவுட்டர்களிலும் வெளியிலிருந்து வரும் சப்நெட் பிராட்காஸ்டை இயல்பாகவே அடைத்துவைக்கச் சொல்லி விதி வந்தது. சோதிக்க வேண்டுமென்றால் லேபில் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு மெஷினில் டிசிபிடம்ப் திறந்து வைத்து, பையிலிருந்து எழுப்பும் பாக்கெட்டை அனுப்பிப் பாருங்கள். யூடிபி, போர்ட் 9, சேருமிடம் 192.168.10.63 என்று வரி விழுந்தால் வேலை முடிந்தது.